முதலில் அழைப்பது யார்

நான் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். திண்டிவனத்தில் பதினான்கு வருடமாக இதுதான் என் தொழில். கற்றுக்கொள்ள வருபவரின் வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவேன். சமநிலை வந்துவிட்டது என்று தெரிந்ததும் சொல்லாமல் கையை எடுத்துவிடுவேன்.

அந்த ஐப்பசியில் ஒரு காலை, தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தியின் வண்டியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் பாதிச் சுற்று ஓடியிருப்பேன். மூச்சு உள்ளே போகவில்லை. கையை விட்டுவிட்டு முழங்காலைப் பிடித்தபடி குனிந்து நின்றேன். அவள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து, "அக்கா, நான் தனியா ஓட்டிகினு வந்தேன்" என்று சிரித்தாள். அவளுக்குச் சமநிலை வந்துவிட்டதென்றுதான் நான் கையை எடுத்தேன் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றுதான் முதல் அறிகுறி. நுரையீரல் புற்றுநோய் என்று தெரிய இன்னும் மூன்று மாதம் ஆனது. இதே நோயுடனோ, இந்த நோய் வந்தவரின் பக்கத்திலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். பயமுறுத்தும் பகுதி கொஞ்சம் உண்டு. அதைச் சீக்கிரமே சொல்லி முடித்துவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

முதலில் இருமலுக்கு மருந்து குடித்தேன். பிறகு காசநோயாக இருக்கலாம் என்று சளியை இரண்டு முறை சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் மார்பு எக்ஸ்ரே எடுத்தார். வலப்பக்கம் பாதிவரை வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கிறது, விழுப்புரத்துக்குப் போங்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் ராஜவேலு அரசுப் பேருந்து ஓட்டுநர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள ஒவ்வொரு வேகத்தடையும் அவருக்குத் தெரியும். அன்று மட்டும் பயணியாக என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் ஓட்டுநரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பயந்திருக்கிறார் என்பது எனக்கு அதில்தான் தெரிந்தது.

விழுப்புரம் மருத்துவமனையில் விலாவில் குழாய் போட்டு நீரை எடுத்தார்கள். அந்த நீரையும், நுரையீரலிலிருந்து ஊசியால் எடுத்த ஒரு துளிச் சதையையும் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவைச் சொன்னவர் டாக்டர் நஸ்ரின் (பெயரை மாற்றியிருக்கிறேன்). கோட்டக்குப்பத்துப் பெண். அப்பா பல வருடம் வளைகுடாவில் வேலை பார்த்து மூன்று பெண்களைப் படிக்க வைத்தவர். புற்றுநோய் மருத்துவம் படித்து முடித்து, வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பார்த்தால் என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்தவர் போல இருந்தார்.

"நான் பீடி சிகரெட்டைக் கையால தொட்டதில்ல டாக்டரம்மா. இவரும் புடிக்க மாட்டாரு" என்றேன்.

"புடிக்காதவங்களுக்கும் வருதுங்கம்மா. நீங்க செஞ்ச தப்பு ஒன்னும் இல்ல. அத மொதல்ல மனசுல வெச்சிக்கினு மீதியக் கேளுங்க."

மீதியைக் கேட்டோம். நோய் நுரையீரலைத் தாண்டி அதன் உறைவரை வந்திருந்தது. அதனால் அறுவை சிகிச்சை கிடையாது. ஆனால் சதையில் ஒரு மரபணு மாற்றம் (செல்லுக்குள் இருக்கும் கட்டளையில் ஏற்படும் பிழை) இருந்தது. அந்தப் பிழையை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் மாத்திரை உண்டு, தினம் ஒன்று.

"ஆக்ஸிலேட்டர் கேபிள் மாட்டிக்கினா வண்டி தானா ஓடும் இல்லீங்களா, அதுமாதிரிங்களா?" என்று ராஜவேலு கேட்டார்.

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அதேதாங்க. இந்த மாத்திரை அந்தக் கேபிளை இழுத்துப் புடிச்சிக்கும்." அடுத்து வந்த நோயாளிக்கும் அவர் அதே உதாரணத்தைச் சொன்னது வாசல்வரை கேட்டது.

மாத்திரை நோயை முழுக்கத் துடைத்துவிடாது, ஒருநாள் வேலை செய்வதை நிறுத்தலாம், அப்போது வேறு வழி பார்க்க வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். மறைக்காமல் சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

மாத்திரை காப்பீட்டுத் திட்டத்தில் கிடைத்தது. மூன்றே வாரத்தில் இருமல் போய்விட்டது. ஆறாவது வாரம் மாடிப்படி ஏறினேன். மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அன்று மாலையே மைதானத்துக்குப் போய் நின்றேன். ஓடவில்லை. தூரத்தில் நின்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். குரல் மைதானத்தின் அந்தக் கோடிவரை போனது. எனக்கே கேட்க நன்றாக இருந்தது.

இனி என் தவறு.

நான்காம் மாதம் முகத்தில் பருக்கள் கிளம்பின. வயதுக்கு வந்த பெண்ணுக்கு வருவது போல் இல்லை. மூக்கிலிருந்து கன்னம்வரை சிவந்து, சீழ் கோத்து, எரிந்தது. கை விரல்களில் நகக்கண் வீங்கியது. பிரேக்கை அழுத்த முடியவில்லை. இதெல்லாம் மாத்திரையின் பக்கவிளைவு என்று ஆரம்பத்தில் சொல்லித்தான் இருந்தார்கள். ஆனால் அந்த மாதம் திருவெண்ணெய்நல்லூரில் என் அக்காள் மகளுக்குக் கல்யாணம். அந்த முகத்துடன் போனால் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் பெண்ணின் கல்யாணத்தில் என் நோய்தான் பேச்சாக இருக்கும்.

மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. ராஜவேலு காலையில் தண்ணீருடன் கொண்டுவந்து கொடுப்பார். வாயில் போட்டுக்கொண்டு, அவர் திரும்பியதும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவைத்தேன். பத்தொன்பது நாள். முகம் தெளிந்தது. கல்யாணத்தில் எல்லாப் புகைப்படத்திலும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணம் முடிந்த வாரம் இருமல் திரும்பி வந்தது.

டாக்டர் நஸ்ரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "மாத்திரை தெனம் போட்டீங்களாம்மா?" என்றார். போட்டேன் என்றேன். அவர் என் கையை எடுத்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்களில் வீங்கிய தடம் மட்டும் இருந்தது, வீக்கம் சுத்தமாக ஆறியிருந்தது; மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அப்படி ஆறாது. என் கையே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"எத்தினி நாள் போடல?"

சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். ராஜவேலு நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் திட்டவில்லை. "பரு வந்தன்னிக்கே ஏன் எனக்கு போன் பண்ணல?" என்று மட்டும் கேட்டார்.

"பருவுக்காக டாக்டருக்கு போன் பண்ணுவாங்களா? உங்களுக்கு எத்தினி பேஷண்ட்டு. உயிருக்குப் போராடிக்கினு கெடக்கறவங்கல்லாம் இருக்கறாங்க. நான் மூஞ்சில பருன்னு சொல்லிக்கினு வந்து நிப்பனா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வேற யாராச்சும் இப்டி நிறுத்தறாங்களா? வெளிய உக்காந்துகினு பேசுவீங்க இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். எனக்குத் தெரிந்தே நான்கு பேர். ஒருவர் வயிற்றுப்போக்குக்காக, ஒருவர் அறுவடை நேரமென்று, ஒருவர் உடம்பு தேறிவிட்டதென்று. நான்காமவர் காரணம் சொல்லவில்லை. டாக்டர் அந்த அறைக்குள் கேள்விப்படாத எல்லாமே வெளியே இருக்கும் வரிசை நாற்காலிகளில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது.

நான் மறுபடி மாத்திரையை ஆரம்பித்தேன். பருவுக்குக் களிம்பும், கூடவே ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். பத்து நாளில் அடங்கியது. அவ்வளவு எளிதான வைத்தியம் இருந்திருக்கிறது. அடுத்த ஸ்கேனில் கட்டி மீண்டும் சுருங்கியிருந்தது. இது எனக்கு வாய்த்தது. நிறுத்தியவர்கள் எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். சில சமயம் டாக்டரே சில நாள் நிறுத்தச் சொல்வார், அளவைக் குறைப்பார். அது வேறு.

ராஜவேலு என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "இனிமே வாயத் தொறந்து காட்டு" என்றார். இன்றுவரை காட்டுகிறேன்.

அன்று அந்த அறையில் நான் சொன்னதிலிருந்துதான் டாக்டர் நஸ்ரினுக்கு ஓர் ஆய்வு தோன்றியது. அடுத்தமுறை போனபோது விளக்கினார். மாத்திரை ஆரம்பிக்கும் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிப்பது. ஒரு குழு வழக்கம்போல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். மற்றொரு குழுவுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் வாரம் ஒருமுறை போன் செய்வார். மாதம் ஒருமுறை ஊருக்குப் பக்கத்திலேயே, திண்டிவனத்தில், பார்த்துக்கொள்ளலாம். எந்தக் குழுவில் மாத்திரை விடாமல் போடப்படுகிறது, எதில் நோய் அதிக நாள் அடங்கியிருக்கிறது என்று அளப்பது.

"இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? போன் பண்ணா நல்லதுதான்" என்றேன்.

"நல்லதுன்னு நீங்களும் நானும் சொன்னா போதாதும்மா. எவ்ளோ நல்லதுன்னு காட்டினாதான் எல்லா ஊர்லயும் ஒரு நர்ஸ வேலைக்குப் போடுவாங்க."

இந்த ஆய்வுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? புதிய மாத்திரையைச் சோதிக்க அதைத் தயாரிக்கும் நிறுவனம் கொடுக்கும். போன் செய்வதைச் சோதிக்க எந்த நிறுவனமும் வராது. தொழிலைத் தொடங்கி ஓரிரண்டு வருடமே ஆன மருத்துவர்கள் சொந்தமாக முதல் ஆய்வைச் செய்வதற்கென்று ஒரு நிதி இருப்பதாகச் சொன்னார். விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டார்கள். விண்ணப்பிப்பவருக்கு இதற்கு முன் ஆய்வு நடத்திய அனுபவம் போதவில்லை என்பது அவர்கள் எழுதிய காரணங்களில் ஒன்று.

அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பை நான் மைதானத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை கீழே விழுந்தவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே சிரிக்கும் சிரிப்பு. அடுத்த நாள் வரமாட்டாள்.

"டாக்டரம்மா, ஓட்டத் தெரிஞ்சாதான் வண்டி தருவோம்னா ஒருத்தியும் கத்துக்க முடியாது. மறுபடி எழுதிப் போடுங்க" என்றேன். ஒரு டாக்டரிடம் பேசுவது போலவே இல்லை. மாணவியிடம் பேசுவது போல் வந்துவிட்டது. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுபடி எழுதினார். மூத்த மருத்துவர் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டார். இந்தமுறை நேர்காணலுக்குச் சென்னைக்கு அழைத்தார்கள். விரும்பினால் ஒரு நோயாளியையும் பேச அழைத்துவரலாம் என்று கடிதத்தில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை எனக்கு போன் வந்தது.

"அம்மா, நீங்க வர முடியுமா?"

"இன்னா பேசணும்?"

"அன்னிக்கு என்கிட்ட சொன்னதுதான்."

என்னிடம் அவர் கேட்டது, நான் ஊருக்கே மறைத்த விஷயத்தை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது. ஒரு நாள் அவகாசம் கேட்டேன். ராஜவேலு, "நீ பேசாத ஆளா" என்றார். அது ஊக்கமா குறையா தெரியவில்லை. போனேன்.

நானும் டாக்டரும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் போனோம். செங்கல்பட்டுவரை அவர் தன் காகிதங்களைத் திருப்பிக்கொண்டே வந்தார். நான் கொண்டுபோயிருந்த வேகவைத்த மல்லாட்டையை (நிலக்கடலையை) உரித்து அவர் கையில் வைத்துக்கொண்டே வந்தேன். தாம்பரம் வந்தபோது பை காலியாகிவிட்டது. எதைச் சாப்பிட்டோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

நீளமான மேசைக்குப் பின்னால் ஏழு பேர். டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார்.  என் முறை வந்தது. தமிழிலேயே பேசுங்கள் என்றார்கள். கல்யாணத்தைச் சொன்னேன். டப்பாவைச் சொன்னேன். "எனக்குக் குடுத்தது ரொம்பப் பெரிய வைத்தியங்க. ஆனா அத நான் தூக்கி டப்பால போட்டது ஒரு பருவுக்காக. அந்த வாரம் யாராச்சும் எனக்கு போன் பண்ணி, மூஞ்சி எப்டி கீதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நானா பண்ண எனக்குக் கூச்சம்" என்றேன்.

நரைத்த முடியுடன் நடுவில் உட்கார்ந்திருந்த பெண் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். "இந்த ஆய்வுல யார் எந்தக் குழுன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கற மாதிரி முடிவு பண்ணும். உங்களைப் போன் வராத குழுவுல போட்டா ஒத்துக்குவீங்களா?"

டாக்டர் நஸ்ரின் என்னைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு நாங்கள் தயார் செய்துகொள்ளவில்லை.

"ஒத்துக்குவேங்க. ஆனா வருத்தப்படுவேன்" என்றேன். கேள்வி கேட்டவர் தொடரச் சொல்வது போலக் காத்திருந்தார். யோசித்தேன். "ஒன்னு பண்ணலாங்க. அந்த ஜனங்களுக்கும் ஒரு நம்பர் குடுத்துடுங்க. அவங்களா பண்ணா எடுக்கறதுக்கு ஆள் இருக்கணும். இவங்களுக்கு நாம பண்றோம், அவங்க வேணும்னா அவங்க பண்றாங்க. யாரு மொதல்ல போன் பண்றதுங்கறதுதான் வித்தியாசம். யாருக்கும் நம்பர் இல்லாம போவக்கூடாது."

ஏழு பேரில் மூன்று பேர் எதையோ எழுதிக்கொண்டார்கள். டாக்டரும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "நான் இன்னாவாச்சும் ஒளறிட்டேனா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. என் ஆய்வைத் திருத்திட்டீங்க" என்றார்.

இரண்டு மாதம் எந்தத் தகவலும் இல்லை. நான் மைதானத்தில் இருந்தபோது டாக்டரிடமிருந்து போன் வந்தது. ஒரு சத்துணவு அமைப்பாளருக்கு எட்டுப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, குடுத்துட்டாங்க" என்றார்.   இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றோம். எட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் எட்டை முடித்து, இன்னும் இரண்டு மூன்று எட்டையும் போட்டு, "போதுமா அக்கா" என்று கேட்டுக்கொண்டே சுற்றினார். நான் அவரைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினேன். அழுதுகொண்டே சிரித்தால் வலப்பக்க விலா வலிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இந்த ஆய்வால் எனக்கு நேரடியாக ஒரு பயனும் இல்லை. புதிதாக மாத்திரை ஆரம்பிப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள், நான் சேர முடியாது. அதைத் தெரிந்துகொண்டபோது வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தேன். இல்லை. நன்றாகப் போகும் கல்யாணத்தில் பந்தி பரிமாறுபவள் போல இருந்தது.

எனக்குக் கிடைத்த வேலை, செவிலியர் போனில் கேட்க வேண்டிய கேள்விகளைத் திருத்துவது. எழுதிவைத்திருந்த முதல் கேள்வி, 'தங்களுக்குத் தோல் சார்ந்த பாதகமான விளைவுகள் ஏதேனும் ஏற்பட்டுள்ளனவா?' என்று இருந்தது.

"இப்டிக் கேட்டா எங்க ஆளுங்க இல்லைன்னுட்டு போன வெச்சிடுவாங்க. மூஞ்சில பரு வந்துச்சா, எரியுதா, கண்ணாடில பாத்தா மாத்திரைய நிறுத்தணும்னு தோணுதா. இப்டிக் கேளுங்க."

'வயிற்றுப்போக்கின் நிகழ்வெண்ணிக்கை' என்பதை, 'நேத்து எத்தினி வாட்டி வெளிய போனீங்க' என்று மாற்றினோம். 'வெளியே' என்றால் வெளியூர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று டாக்டர் கேட்டார். செவிலியர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து பார்த்தார். நகக்கண்ணுக்கு ஒரு கேள்வி வேண்டும் என்று பிடிவாதமாகச் சேர்த்தேன்: 'சட்டை பட்டன் போட முடியுதா?'

ஆய்வு தொடங்கி முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் கிளியனூர்ப் பக்கத்து விவசாயி. பெயரை எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. முதல் மூன்று வாரமும், "ஒன்னும் இல்லம்மா, நல்லாகீறேன்" என்றே சொன்னாராம். நான்காம் வாரம் பட்டன் கேள்விக்கு, "ஒரு வாரமா பனியன்தான் போட்டுக்கினுகீறேன்" என்றாராம். அன்றே வரவழைத்து விரல்களுக்கு மருந்து கொடுத்தார்கள். மாத்திரை ஒருநாளும் நிற்கவில்லை. செவிலியர் இதைச் சொன்னபோது, யாரென்றே தெரியாத அந்த மனிதரின் சட்டையை நானே மாட்டிவிட்டது போல் மகிழ்ச்சியாக இருந்தது.

போன மாதம் விழுப்புரத்துக்குப் போயிருந்தேன். ஸ்கேனில் மாற்றம் இல்லை. கட்டி இருக்கிறது, வளரவில்லை. பார்த்து முடித்ததும் டாக்டர் ஒரு படிவத்தை நீட்டினார். ஆய்வின் நோயாளர் ஆலோசகராக என்னை முறைப்படி சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். பொறுப்புக் காலம் மூன்று ஆண்டு என்று அச்சிட்டிருந்தது.

பேனாவை வாங்கியவள் எழுதாமல் இருந்தேன். நோய் வந்ததிலிருந்து என் காலம் மூன்று மாதம்தான். ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன்வரை. அதைத் தாண்டிய ஒரு நாளுக்கென்று நான் சேலைகூட எடுத்ததில்லை.

"நடுவுல நான் இல்லாம பூட்டா?" என்றேன்.

"அப்ப வேற ஆள் பாத்துக்குவோம்மா. இருந்தீங்கன்னா கடைசிக் கூட்டம்வரைக்கும் நீங்கதான் வரணும். லீவு கெடையாது."

கையெழுத்துப் போட்டேன்.

அன்று ராஜவேலுவின் வண்டியிலேயே திரும்பினேன். ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் இருக்கும் முதல் இருக்கை. விஷயத்தைச் சொன்னேன்.  கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "எனக்கு ரிட்டயர்மெண்ட்டு ரெண்டு வருஷத்துல" என்றார். "அப்பறம் ஒரு வருஷம் சும்மாதான இருப்பேன். உன்ன மீட்டிங்குக்குக் கொண்டாந்து உட்றேன்."

அவர் மனதிலும் அந்த மூன்று வருடம் வந்து உட்கார்ந்துகொண்டது. நடத்துநர் வந்து, "ஓட்டும்போது பேசாதீங்கண்ணே" என்றார். இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

நான் மெதுவாக மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன். தினம் பலமுறை இதைச் செய்கிறேன். இடப்பக்கம் தாராளமாக நிறையும். வலப்பக்கம் கீழே, குழாய் போட்ட இடத்துக்குச் சற்று மேலே, ஓரிடத்தில் தட்டி நிற்கும். முன்பெல்லாம் அந்த இடம் வந்ததும் பயந்து மூச்சை விட்டுவிடுவேன். இப்போது அதுவரை போய், அங்கே கொஞ்சம் நின்று, பிறகு விடுகிறேன். என் உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று நாற்பத்தேழு வயதுவரை நான் கேட்டதே இல்லை.

திண்டிவனம் வந்தது. எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு இறங்கினார்கள். எப்போதும் முதல் ஆளாகக் கதவருகே போய் நிற்பவள், அன்று கடைசி ஆள் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கு நேரம் இருந்தது.